மேட்டு வீட்டுக்கு இணைப்பு இல்லை

வேன் அக்காவுக்கு மறதி என்பதே கிடையாது. நல்லதையும் மறக்க மாட்டார், கெட்டதையும் மறக்க மாட்டார். கெட்டதை மட்டும் அவ்வப்போது எடுத்துத் துடைத்து மினுக்கி வைத்துக்கொள்வார். கல்யாணப் பேச்சின்போது "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமோ?" என்று கேட்ட நாத்தனாரிடம், அந்த நாத்தனாருக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அவர் முகம் பார்த்துப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். நாத்தனாரும் சுவருக்கே பதில் சொல்வாள். இருவருக்கும் நடுவில் அந்தச் சுவர்தான் நல்ல பெயர் எடுத்தது.

எங்கள் தெருவிலும் மேலே இருக்கும் தெருக்களிலும் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் வேன் அவருடையது. ஓட்டுநர் இருக்கையில் பழைய திரைச்சீலையில் தைத்த மெத்தை. பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில், ஒற்றைக் காலுறை, உடைந்த அளவுகோல். எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கிள்ளியது என்பதைக் கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். மகள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அக்காவின் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார். நான் எதிர்ச்சாரியில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் பாதி என் கடை வாசலில் நின்றே பார்த்தது.

எங்கள் தெரு சரிவின் அடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் மேட்டில் புதரும் கல்லும்தான். இப்போது அங்கே அடுக்குமாடிகள். அவற்றைக் கொண்டுவந்தவர் எங்கள் கவுன்சிலர். அவரை ஊரில் சிரிச்சமுகம் என்றுதான் சொல்வார்கள். கேட்டதைச் செய்தாலும் சிரிப்பார், செய்யாவிட்டாலும் சிரிப்பார். திட்டினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார். அவர் பிறந்தது இதே தெருவில், வேன் அக்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். அவருடைய அம்மாவும் அக்காவின் அம்மாவும் ஒரே தையல் ஆலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை செய்தவர்கள். தன் அம்மாவுக்கு மாலை ஷிப்ட் இருக்கும் நாட்களில் அவர் சாப்பிட்டது அக்கா வீட்டில். அக்காவின் அம்மாவை அத்தை என்பார். அவருக்கு மூக்கு துடைத்துவிட்டது நான்தான் என்று அக்கா ஒருகாலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுக்குமாடிகள் வந்தன. குழாய் மட்டும் மாறவில்லை. மேட்டில் யாருமே இல்லாத காலத்தில் எங்கள் தெருவுக்கடியில் போட்ட பழைய கழிவுநீர்க் குழாயிலேயே அத்தனை மாடிகளையும் இணைத்துவிட்டார்கள். மேலே தண்ணீர் அதிகம் புழங்கும் நாளில் எங்கள் தெருவின் சாக்கடை மூடி தானாக எழும்பி ஆடும். புகார் சொன்னால் கவுன்சிலர் சிரிப்பார். "ஊர் வளருதுல்ல" என்பார்.

அக்காவின் அம்மா ஒரு விடுமுறை நாள் காலையில் இறந்துபோனார். விடுமுறை என்றால் மேலே எல்லா வீட்டிலும் எல்லோரும் இருப்பார்கள். ஒரு வாரத் துணியும் அன்றுதான் துவைப்பார்கள். கூடத்தில் பெஞ்சு போட்டு அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்த நேரத்தில், குளியலறைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலேறி வந்தது. முதலில் கூடத்தின் ஓரம் நனைந்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அப்புறம் வெளியே போனார்கள். அக்காவின் வீட்டுக்காரர் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அது திரும்பத் திரும்ப வந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் பெஞ்சைத் தூக்கி, கால்களுக்கடியில் செங்கல் வைத்தோம். அழுவதற்கு வந்தவர்கள் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

கவுன்சிலருக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. அக்கா கட்டிய சேலையோடு வேனை எடுத்தார். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

மேட்டில் புதிய கட்டடத்தின் மாதிரி வீட்டைத் திறந்துவைக்கும் விழா நடந்துகொண்டிருந்தது. கட்டட முதலாளி, வீடு பார்க்க வந்தவர்கள், குளிர்பானத் தட்டு. அக்கா வெறுங்காலோடு உள்ளே போனார். வெள்ளைத் தரையில் அவர் கால் வைத்த இடமெல்லாம் கறுப்பாகப் பதிந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"தம்பி, அம்மா போயிட்டாங்க. வீட்டுக்குள்ள சாக்கடைத் தண்ணி ஏறுது. உறிஞ்சுற லாரிய அனுப்பு. அம்மாவ எடுக்கிற வரைக்கும் தண்ணி நின்னா போதும்."

கவுன்சிலர் அக்காவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பள்ளத்துல வீட்ட வச்சுக்கிட்டு தண்ணி வருதுன்னா நான் என்னக்கா பண்றது? தண்ணி மேட்டுக்கா ஏறும்? பேசாம நீங்களும் மேல வந்துடுங்க."

வீடு பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமலே சிரித்தார்கள். அக்கா திரும்பி நடந்தார். வேனில் ஏறிச் சாவியைத் திருப்பிய பிறகு என்னிடம் கேட்டார்.

"காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சுக்கா."

"ஒரு வார்த்தை விடாம ஞாபகம் வச்சுக்கங்க."

அம்மாவை அந்தத் தண்ணீரில் நடந்துதான் வெளியே கொண்டுவந்தோம். லாரி மறுநாள் வந்தது. சோறு தின்ற வீட்டுச் சாவுக்குக் கவுன்சிலர் வரவே இல்லை.

அதற்குப் பிறகு அக்கா அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஆறிவிட்டது என்று நினைத்தோம். நகர மன்றத் தேர்தல் அறிவித்த அன்று, அடையாள அட்டையை நகல் எடுக்க என் கடைக்கு வந்தார்.

"எதுக்குக்கா?"

"தேர்தல்ல நிக்கப் போறேன்."

"ஜெயிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஜெயிக்கிறது இருக்கட்டும். அவன் தோக்கணும்."

முதல் கூட்டம் டயர் கடை முனையில் நடந்தது. அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கவுன்சிலரைப் பிடிபிடியென்று பிடித்தார். சிறுவயதில் அவர் மூக்கு ஒழுகியதிலிருந்து ஆரம்பித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முடிந்ததும் எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நீ திட்டுறதக் கேக்க ஊரே வரும். ஓட்டு வேற எதுக்காவதுதான் போடுவாங்க. நம்ம வீட்டுத் துக்கத்துக்கு அவங்க ஏன் ஓட்டுப் போடணும்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து அவர் வேறு மாதிரி வேலை செய்தார். கவுன்சிலர் எதையெல்லாம் தன் சாதனை என்று நோட்டீசில் போட்டாரோ, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தார். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் இதே வேலை. புதிய பேருந்துத் தடம் என்று அவர் சொன்னது, கீழ்த் தெருக்களில் ஓடிய பேருந்தைப் பிடுங்கி மேட்டுக்கு விட்டதுதான். நவீன கவுன்சிலர் அலுவலகம் என்றது, நூலகத்தைப் பூட்டிவிட்டு அந்தக் கட்டடத்தில் அவர் உட்கார்ந்ததுதான். வரப்போகிறது என்று படம் போட்டிருந்த வணிக வளாகம், குப்பை லாரிகள் நிற்கிற இடத்தில் வரப்போகிறது. லாரிகள் எங்கே போகும் என்பதற்குப் படம் இல்லை.

அக்காவின் கொள்கைகள் இப்படித்தான் பிறந்தன. குழாயை மாற்றாமல் மேட்டில் புதிய இணைப்பு கூடாது. பேருந்து கீழே சுற்றிப் போக வேண்டும். நூலகத்தைத் திறக்க வேண்டும், அதுவும் வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஊர் மேல் இருந்த பாசத்தால் வந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கே குத்தினால் கவுன்சிலருக்கு வலிக்கும் என்று தேடிப் போனார். அங்கெல்லாம் ஏற்கெனவே யாருக்கோ வலித்துக்கொண்டிருந்தது.

மேட்டுக்கு ஓட்டுக் கேட்கப் போவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த மாடிகளைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டுத் தண்ணீர்தானே அம்மாவின் பெஞ்சுக்கடியில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினார். நாலாவது மாடியில் ஒரு கணக்கு டீச்சர் கதவைத் திறந்தார். அக்கா நோட்டீசை நீட்டி, குழாய் விஷயத்தை வெடுக்கென்று சொன்னார். டீச்சர் நோட்டீசை வாங்கிப் படித்தார்.

"நாங்க ஃப்ளஷ் பண்ணினா அது எங்க போகும்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லைங்க. உங்க வீட்டுக்கா வருது?"

"கூடத்துக்கே வந்துச்சு."

"பூங்கா கட்டித் தர்றோம்னு சொல்லித்தான் எங்களுக்கு வீடு வித்தாங்க. அந்த எடத்துல கார் ஷோரூம் வந்துருச்சு. லிப்டு மாசத்துல பாதி நாள் ஓடாது. கவுன்சிலர்கிட்ட போனா சிரிக்கிறார்."

படியிறங்கும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "எனக்கு இவங்களப் பிடிக்கல. ஆனா இவங்களுக்கும் அவனப் பிடிக்கல. அது போதும்." அதற்குப் பிறகு டீச்சரே மேட்டில் கதவு கதவாகத் தட்டினார். அக்கா அவரிடம் கடைசிவரை அளவோடுதான் பேசினார்.

கவுன்சிலர் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் வேனைத் திடீர் திடீரென்று நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒரு தடவை பிள்ளைகளை வெயிலில் இறக்கி நிற்கவைத்தே பிரேக்கைப் பார்த்தார்கள். பயந்துபோய்ச் சில வீடுகளில் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். அக்கா அசையவில்லை என்று தெரிந்ததும் அவரே நேரில் அக்கா வீட்டுக்கு வந்தார்.

நோட்டீஸ் அச்சுப் படியைக் காட்டுவதற்காக நான் அங்கே இருந்தேன். கவுன்சிலர் ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"உக்காருங்க கவுன்சிலர்."

"என்னக்கா இது, புதுசா வாங்க போங்கன்னு. எப்பவும் போல வாடா போடான்னு சொல்லுங்க."

"பதவியில இருக்கீங்க. மரியாதை குடுக்கணும். நாற்காலிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கங்க. ஆமா, அங்கதான். அந்த எடத்துலதான் அம்மாவ வச்சிருந்தோம்."

அவர் பாதி உட்கார்ந்தவர் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஆளுங்க நடுவுல ஏதோ வாய் தவறி வந்துருச்சுக்கா. அத்தை எனக்குச் சோறு போட்டவங்க. மறப்பேனா?"

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, என்னை வாபஸ் வாங்கச் சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டும்தான்னு வச்சுக்கங்களேன்."

"ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா ரெண்டும் கிடைக்காது."

"இந்தத் தெருவுக்குன்னு தனியா ஒரு பம்பு வச்சுத் தர்றேன். இந்த வாரமே வேலைய ஆரம்பிச்சுடலாம்."

"இந்த வாரமே முடியும்னா, போன வருஷம் ஏன் முடியல?"

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அக்காவின் வீட்டுக்காரர் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "பம்பு வந்தா நல்லதுதானே."

"வரும். அவன் கையால வேணாம்."

மறுநாள் அக்கா ஒரு சுவரொட்டிக்குச் சொன்னார். மேலே கவுன்சிலரின் சிரித்த படம், அவருடைய சொந்த நோட்டீசில் இருந்தே எடுத்தது. கீழே, மாதிரி வீட்டில் அவர் சொன்ன வாக்கியம், ஒரு வார்த்தை விடாமல். வேறு எதுவும் வேண்டாம் என்றார். உங்கள் பெயராவது போடலாமே என்று கேட்டேன். "அவன் பேசட்டும். நான் எதுக்கு நடுவுல?" என்றார். கீழ்த் தெருக்களில் சுவர் சுவராக ஒட்டினோம். மழை பெய்து சாக்கடை எழும்பிய இடங்களில் ஜனங்கள் அதன் முன்னால் நின்று நின்று படித்தார்கள்.

பள்ளிக்கூட அரங்கில் வேட்பாளர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. அக்கா அதில் நன்றாகப் பேசினார் என்று சொல்ல ஆசைதான். பேசவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஊர் வளர வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். "வளரட்டும். யாரு வேணாம்னா? கீழ குழாயப் போட்டுட்டு மேல கட்டட்டும்" என்றார். அதுவரை சரி. குழாயை மாற்ற எவ்வளவு காலம் ஆகும், எந்த வழியாகத் தண்ணீரைத் திருப்புவீர்கள் என்று ஒருவர் கேட்டதும் தடுமாறி, "அது எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். கவுன்சிலர் வண்ணப் படங்களைக் காட்டி அழகாகப் பேசினார்.

அப்போது கூட்டத்தில் ஒருவர் சுவரொட்டியைப் பற்றிக் கேட்டார். அப்படிச் சொன்னீர்களா என்று. சொன்னேன், தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே விளக்கம் சொல்லப் போனார்.

"அதுல தப்பா ஒண்ணும் இல்லைங்க. ஊர்னு இருந்தா பள்ளம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். யாராவது ஒருத்தர் கீழ இருந்துதானே ஆகணும்?"

நாலாவது மாடி டீச்சர் எழுந்து, "யாரு சார் அந்த ஒருத்தர்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன.

அக்கா ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் தெரு ஒன்று ஓட்டுப் போடாமல் இருந்திருந்தால் தோற்றிருப்பார். மாலை போட வந்தவர்களை ஒதுக்கிவிட்டு, தோற்றவர் வெளியே வரும் வாசலில் போய் நின்றுகொண்டார். சிரிச்சமுகம் வந்தார். எல்லோருக்கும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"தோத்தும் சிரிக்கிறான் பாருங்க" என்றார்.

பதவி ஏற்றதும் நூலகத்தைக் காலி செய்து சாவியை நூலகரிடம் கொடுத்துவிட்டார். அவருக்கென்று அலுவலகம் இல்லை. காலைச் சவாரி முடிந்ததும் எங்கள் தெரு முனையில் வேனை நிறுத்தி, பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் மனுக்காரர்களை உட்காரவைத்துப் பேசுவார். பெரிய பெரிய ஆட்கள் முழங்கால் இடிக்க அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். பேருந்தைக் கீழே கொண்டுவர அலையாய் அலைந்தார். மன்றத்தில் மற்ற உறுப்பினர்கள் முதலில் அவரை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சுவரொட்டியை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒவ்வொருவர் வார்டிலும் ஒரு பள்ளம் இருந்தது. அக்கா கொண்டுவந்த தீர்மானம் தள்ளாடித் தள்ளாடி நிறைவேறியது. பிரதானக் குழாயை மாற்றி முடிக்கும்வரை மேட்டில் எந்தப் புதுக் கட்டடத்துக்கும் கழிவுநீர் இணைப்பு கிடையாது.

ஊர் அதைப் பொது நன்மை என்று பாராட்டியது. அது உண்மையும்கூட. ஆனால் அக்காவைத் தெரிந்த எனக்கு அந்தத் தீர்மானத்தில் ஒரே ஒரு வீடுதான் தெரிந்தது.

சிரிச்சமுகம் எங்கள் தெருவில் இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு மேட்டின் உச்சியில் புது வீடு கட்டியிருந்தார். இணைப்பு தன் கையெழுத்துதானே, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தேர்தலுக்கு முன்பே குடியும் போய்விட்டார். இப்போது கழிவெல்லாம் தோட்டத்தில் புதைத்த தொட்டியில் சேர்ந்தது. தொட்டி நிரம்பினால் லாரி வர வேண்டும். லாரி வராவிட்டால் வீட்டில் யாரும் குளியலறைப் பக்கம் போக முடியாது. முன்பு எங்கள் தெருவில் வீசியது இப்போது உச்சியில் வீசியது. அக்கா அந்தப் பக்கம் சவாரி போகும்போது மட்டும் வேன் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்வார்.

ஒருநாள் சிரிச்சமுகம் வேனுக்கு வந்தார். உள்ளே ஏறி உட்காராமல் படியிலேயே நின்றார்.

"விதிவிலக்கு குடுக்கலாம்னு தீர்மானத்துலயே இருக்குக்கா. நீங்க பரிந்துரை பண்ணினா போதும்."

"இருக்கு கவுன்சிலர். நான்தானே எழுதச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும்."

"நான் இப்ப கவுன்சிலர் இல்லக்கா."

"பழக்கதோஷம்."

"எங்கம்மாவால முடியல. அவங்களுக்குக் கால் வரல. டேங்க் நெறஞ்சிட்டா பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கு. அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் விடுவாங்க?"

அக்கா "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஆனால் வீட்டில் அவர் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "அந்தம்மா என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். அவர் கேள்வி கேட்பதே அபூர்வம். அக்காவுக்கு அது உறுத்தியது.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நேராக மேட்டுக்கு விட்டார். சிரிச்சமுகம் வீட்டில் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்து, திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். உள்ளேயிருந்து சிரிச்சமுகத்தின் அம்மாவின் குரல் கேட்டது.

"யாரு, அவ மகளா? கூட்டிட்டுப் போடி என்னை. இந்த வீட்ல எல்லாம் இருக்கு, போக வேண்டிய எடம் மட்டும் இல்ல."

அந்த அம்மாவை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, தன் அம்மா படுத்திருந்த அறையிலேயே கட்டில் போட்டார். வேலை முடிந்து வந்த மகள் அசந்துபோனாள்.

"பாவம் பாத்துதானேம்மா கூட்டிட்டு வந்த?"

"பாவமா? சாயங்காலம் அவன் இங்க வந்து நிப்பான் பாரு."

வந்தார். அம்மாவைத் திருப்பிக் கூட்டிப் போகத்தான் வந்தார். அந்த அம்மா வர மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் தினமும் வந்தார், வராமல் இருக்க முடியாதே. எங்கள் தெருவுக்குள் அவர் கார் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு, தெரு முழுக்க நடந்துதான் வர வேண்டும். டயர் கடைக்காரர் கேட்பார், "அம்மாவப் பாக்கவா சார்?" அடுத்த வாசலில் இன்னொருவர் கேட்பார், "மேல இன்னும் இணைப்பு வரலையா சார்?" நானும் கேட்டிருக்கிறேன். ஏன் மறைக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே நாற்காலியை எடுத்து அதே இடத்தில் போடுவார். தண்ணீர் கொடுப்பார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. குழாய் வேலை தொடங்கியிருந்ததே தவிர முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில் சிரிச்சமுகம் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது குளியலறைத் துளையிலிருந்து தண்ணீர் மேலேறி வந்தது. முதலில் கூடத்தின் ஓரம் நனைந்தது. அவர் எழப் பார்த்தார்.

"எங்க ஓடுற? காலத் தூக்கிட்டு உக்காரு" என்றார் அவர் அம்மா கட்டிலில் இருந்தபடி. "நீ கையெழுத்துப் போட்ட தண்ணிதான்."

அவர் இரண்டு கால்களையும் நாற்காலியின் குறுக்குக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அடியில் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் துடைப்பத்தை எடுத்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று சிரிச்சமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசியில் அவர் எழுந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு, இன்னொரு துடைப்பத்தைக் கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தார். அவர் தள்ளிய தண்ணீர் திரும்பத் திரும்ப வந்தது.

"சரியாப் போச்சா அக்கா?" என்று பிற்பாடு நான் கேட்டேன். "பாதி" என்றார்.

குழாய் வேலை எங்களைப் பாடாய்ப் படுத்தியது. தெருவைத் தோண்டிப் போட்டதில் என் கடைக்கு ஆள் வர வழியில்லாமல் பலகை போட்டு வைத்திருந்தேன். ஒருவழியாக முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சாக்கடை மூடி ஆடவில்லை. உச்சி வீட்டுக்கும் இணைப்பு கிடைத்தது; ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அக்காதான் பரிந்துரை செய்தார். சிரிச்சமுகத்தின் அம்மா மேலே போய்ச் சில நாள் இருந்துவிட்டு, பேச ஆள் இல்லை என்று வேனைப் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த தேர்தல் வந்தபோது அக்கா முதல் ஆளாகத் தயாரானார். சுவரொட்டிக்கு என்னிடம் புதிதாகத் தாள் வாங்கிவைக்கச் சொன்னார். ஆனால் சிரிச்சமுகம் மனு போடவில்லை. அரசியலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அக்கா நம்பவில்லை. கடைசி நாளன்று வேனை எடுத்துக்கொண்டு உச்சி வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன்.

அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார்.

"மனு போடலையாமே?"

"இல்லக்கா."

"ஏன்? இன்னும் நேரம் இருக்கு. நான் வேணா வேன்ல கூட்டிட்டுப் போறேன்."

"வேணாங்க்கா. எனக்கு முடிஞ்சு போச்சு. நீங்க நல்லாப் பண்றீங்க. என் ஓட்டும் உங்களுக்குத்தான்."

அதைக் கேட்டு அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மரியாதையா நில்லுங்க. இப்படிப் பாதியில விட்டுட்டுப் போனா என்ன அர்த்தம்?"

அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேறு யாரும் நிற்கவில்லை. அக்கா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். டீச்சர் மேட்டிலிருந்து பூச்செண்டு கொண்டுவந்தார். அக்கா வாங்கி வேன் இருக்கையில் வைத்துவிட்டு, ஈரத் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை. கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டு போனவர் மாதிரி இருந்தார்.

"வாழ்த்துகள்க்கா" என்றேன்.

"ம்" என்றார். அப்புறம் துணியைப் பிழிந்துகொண்டே, "அடுத்த தடவையாவது நிப்பானா?" என்று கேட்டார்.